மாவில் கை வைத்தவள்

“தொண்டைக்குள்ள இறங்கலையாம்! சோப்பைக் கரைச்சு ஊத்தின மாதிரி இருக்காம்! நாப்பதையும் அப்படியே திருப்பி அனுப்பிட்டாங்க. இந்த வீட்டு மானமே போச்சு!”

நேற்று சாயங்காலம் விட்ட இடத்திலிருந்து, காலை ஏழு மணிக்கே மாமியார் மறுபடி ஆரம்பித்துவிட்டார். சாப்பாட்டு மேஜை நடுவில் ஒரு அட்டைப்பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே நாற்பது ஸ்கோன்கள். கேக்கும் இல்லாமல் பிஸ்கட்டும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிற இனிப்பு ரொட்டி அது. சின்ன மருமகள் ஆறு மாதமாக வீட்டிலேயே செய்து அக்கம்பக்கத்தில் நல்ல பெயர் வாங்கியிருந்தாள். நேற்று முதல் தடவையாக ஒரு பெரிய அலுவலகத்துக்கு அனுப்பினாள். சாயங்காலமே பெட்டி திரும்பி வந்துவிட்டது.

பெரிய மருமகள் அடுப்பில் பால் வைத்துக்கொண்டிருந்தாள். மாமியார் பேசுவது மேஜையைப் பார்த்து, குத்துவது இவளை. அது அவளுக்குப் புரியாதா என்ன? பதினாறு வருஷப் பழக்கம்!

“அத்தை, நேரா சொல்லுங்க. நான் என்ன செஞ்சேன்?”

“நீ என்ன செஞ்சேன்னு எனக்கென்ன தெரியும்? அவ போன் பேச வெளிய போனா. திரும்பி வந்தப்ப மாவுகிட்ட நின்னது யாரு?”

சின்னவள் நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது கண் இரண்டும் வீங்கியிருந்தது. “நான் அக்காவைச் சொல்லல அத்தை... ஆனா நிஜமாவே அக்காதான் அங்க நின்னாங்க...”

சொல்லவில்லையாம்! சொல்லிவிட்டு, சொல்லவில்லையாம்!

“கிண்ணத்தை மூடி வெச்சேன்டி!” பெரியவள் கரண்டியை மேடையில் போட்ட சத்தத்தில் பால் பாத்திரமே அதிர்ந்தது. “ஈ உக்காருதேன்னு தட்டு எடுத்து மூடினேன். அது குத்தமா?”

“பொறாமைன்னு ஒண்ணு வந்துட்டா மனுஷங்க என்ன வேணா செய்வாங்க,” என்றார் மாமியார். “என் பொண்ணுகிட்டயும் நேத்தே போன்ல சொல்லிட்டேன். மூத்தவ கை வெச்சுட்டான்னு.”

பெரியவள் அடுப்பை அணைத்தாள். நாத்தனார் வரைக்கும் போய்விட்டதா? அப்படியானால் அந்தக் குடும்பம் முழுக்கப் போயிருக்கும். இன்னும் பத்து வருஷம் கழித்தும், எந்த விசேஷத்துக்குப் போனாலும், ஓரகத்தி பிழைப்பைக் கெடுத்தவள் இவள்தான் என்று பின்னால் ஒரு முணுமுணுப்பு வரும்.

அவள் கணவரைப் பார்த்தாள். வீட்டில் அவருக்கு டப்பா என்று பெயர். தம்பி வைத்த பெயர்தான். கடையிலிருந்து எது வந்தாலும் உறையைக் கிழித்து, பாட்டிலிலும் டப்பாவிலும் கொட்டி, வரிசையாக அடுக்கி வைத்தால்தான் மனிதருக்குத் தூக்கம் வரும். அந்த டப்பா இப்போது வாயே திறக்கவில்லை. செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். பக்கமும் புரளவில்லை.

“என்னங்க, உங்க அம்மா பேசறது காதுல விழுதா?”

“காலங்காத்தால எதுக்குச் சண்டை... விடு...”

விடுவதாம்! எதை விடுவது?

“அத்தை, நீங்க இடுப்பு எலும்பு உடைஞ்சு கிடந்தப்ப மூணு வருஷம் உங்களைக் குளிப்பாட்டினேன். ஆஸ்பத்திரி லேப்ல எனக்கு வேலை இருந்துச்சு. அதை விட்டுட்டு வந்தேன். அப்ப என் கை உங்க உடம்புல பட்டப்ப விஷமா தெரியல. இப்ப மாவுல பட்டா மட்டும் விஷமா?”

மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பெரியவள் புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். “சரி. நானே செஞ்சு காட்டறேன். நேத்து என்ன போட்டாளோ அதையே போடறேன். எல்லாரும் இங்கயே உக்காருங்க. ஒருத்தரும் எழுந்திரிக்கக் கூடாது!”

“உனக்கு அந்த கேக் சுடற அடுப்பைப் பத்த வைக்கக் கூடத் தெரியாதே!” என்றார் மாமியார்.

“தெரிஞ்சுக்கறேன்.”

கொழுந்தனைக் கூப்பிட்டாள். “கடைக்குப் போய் புதுசா ஒரு பேக்கிங் பவுடர் பாக்கெட் வாங்கிட்டு வா. பிரிக்காம என் கையில குடு.”

செய்தித்தாள் சட்டென்று இறங்கியது. “புதுசு எதுக்கு? பாட்டில் நிறைய இருக்கே... வீணா எதுக்கு அலையணும்...” என்றார் டப்பா.

அவ்வளவு நேரம் பேசாத மனிதருக்கு இப்போது எங்கிருந்து வாய் வந்தது? பெரியவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். லேபில் வேலை பார்த்தவள் அவள். எதில் தப்பு என்று தெரியாதபோது எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து, ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். அது அவளுக்கு மறக்கவில்லை.

கொழுந்தன் பாக்கெட்டோடு வந்ததும் இரண்டு கிண்ணம் எடுத்தாள். இரண்டிலும் ஒரே அளவு மைதா, ஒரே அளவு சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. ஒன்றில் சின்னவள் நேற்றுப் போட்ட பாட்டில் பவுடர், மற்றதில் புது பாக்கெட். அளவை மட்டும் சின்னவள் சொல்ல வேண்டும், கிட்டே வரக் கூடாது என்று உத்தரவு. குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டு, பால் ஊற்றி, பிசைய ஆரம்பித்தாள். பிசைந்தாளா? அடித்தாள்! பதினாறு வருஷக் கோபமும் அந்த மாவில் இறங்கியது.

“ஐயோ அக்கா, அப்படிப் பிசையாதீங்க!” சின்னவள் தன்னை மறந்து எழுந்தே விட்டாள். “கல்லாயிடும்! வெண்ணெயை முதல்ல விரல் நுனியால உதிர்த்துவிடணும், ரவை மாதிரி. அப்புறம்தான் பால். சும்மா சேர்த்துப் பிடிச்சாப் போதும்...”

“நீ உக்காரு! உன் மாவுல கை வெச்சவதானே நான்?”

சின்னவள் உட்கார்ந்தாள். ஆனால் பெரியவளின் கை தானாகவே தளர்ந்தது. இரண்டாவது கிண்ணத்துக்கும் அதே மாதிரி இருக்க வேண்டுமே என்று, முதல் மாவைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு மறுபடி அளந்தாள். இந்தத் தடவை இரண்டையும் விரல் நுனியால் உதிர்த்தாள், மெதுவாகச் சேர்த்தாள், ஒரு விரல் கனத்துக்குத் தட்டினாள். டம்ளர் விளிம்பால் வெட்டும்போது முறுக்கினாள்.

“முறுக்காதீங்க அக்கா... கோணலா எழும்பும்...” என்று மெல்ல ஒரு குரல் வந்தது.

“கோணலா எழும்பட்டும்!” என்றாள். ஆனால் அடுத்ததை நேராகத்தான் அழுத்தினாள்.

இரண்டு தட்டும் ஒரே நேரத்தில் அடுப்புக்குள்ளே போயின. கால் மணி நேரம். டப்பா இரண்டு தடவை எழுந்திருக்கப் பார்த்தார். இரண்டு தடவையும் பெரியவள் திரும்பிய வேகத்தில் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே எடுத்தாள். ஒரு தட்டு பழுப்பேறி, பரந்து கிடந்தது. மற்றது உயர்ந்து, வெளிர்ப் பொன்னாக இருந்தது. ஒன்றிரண்டுதான் கோணல். முதல் தட்டில் ஒன்றை எடுத்து மாமியார் கையில் வைத்தாள். “சாப்பிடுங்க.”

மாமியார் கடித்தார். கடித்த வேகத்தில் துப்பினார். “தூ! அதே சோப்புக் கசப்பு!”

“இப்ப இது.”

இரண்டாவதைக் கடித்தவர் மெல்வதை நிறுத்திவிட்டு மருமகளைப் பார்த்தார். “இனிப்பா... நல்லாத்தானே இருக்கு...”

“மாவு ஒண்ணுதான். கை ஒண்ணுதான். பாட்டில் மட்டும்தான் வேற.” பெரியவள் பாட்டிலைத் தூக்கி மேஜை நடுவில் வைத்தாள். “இந்தக் கசப்பும் பழுப்பும் சோடா உப்புக்குத்தான் வரும். இதுல இருக்கறது பேக்கிங் பவுடரே இல்ல. இதைக் கொட்டி வெச்சது யாரு?”

நாலு பேரும் ஒரே பக்கம் திரும்பினார்கள்.

டப்பாவுக்கு வேர்த்துவிட்டது. “கண்ணாடி போடல... ரெண்டு பாக்கெட்டும் வெள்ளையா இருந்துச்சு... நேத்து காலைல கொட்டினேன்...”

“எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு?”

அவர் செய்தித்தாளை மடிக்க ஆரம்பித்தார்.

“எப்ப தெரிஞ்சுதுன்னு கேக்கறேன்!”

“நேத்து சாயங்காலம். பெட்டி திரும்பி வந்ததும் குப்பைக்கூடையில உறையைத் தேடிப் பார்த்தேன். அம்மா கத்துவாங்களேன்னு...”

“அம்மா கத்துவாங்கன்னு!” பெரியவளின் குரல் உடைந்தது. ஆனால் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை, அவ்வளவு கோபம். “மாத்திக் கொட்டினது தப்பே இல்லைங்க. யாருக்கும் வரும். ஆனா நேத்து சாயங்காலத்துல இருந்து நான் திருடி மாதிரி நிக்கறேன். எல்லாம் தெரிஞ்சுகிட்டு பேப்பர் படிச்சீங்களே... உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?”

சின்னவள் ஓடிவந்து அவள் காலைத் தொடக் குனிந்தாள். “அக்கா, நான் பாவி... உங்களைப் போய்...”

“எழுந்திருடி. உன் மேல எனக்குக் கோபம் இருக்கு, அதை அப்புறம் பார்த்துக்கறேன்.”

மாமியார் எழுந்து வந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக. “அம்மாடி... வயசான காலத்துல எனக்குப் புத்தி கெட்டுப் போச்சு. மன்னிச்சுடு.”

“உங்க பொண்ணுகிட்ட சொன்னீங்களே அத்தை, அதை யார் திரும்ப எடுக்கறது?” பெரியவள் தொலைபேசியை எடுத்துக் கணவர் முன்னால் வைத்தாள். “உங்க தங்கச்சியைக் கூப்பிடுங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி.”

மணி அடித்தது. அந்தப் பக்கம் எடுத்ததும் அவர் தொண்டையைச் செருமினார். “நேத்து அம்மா சொன்னாங்களே... அது வந்து... வீட்ல ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சும்மா...”

“யார் தப்பு?” என்றாள் பெரியவள்.

“என்... என் தப்பு. சோடா உப்பை மாத்திக் கொட்டினது நான்தான். உன் அண்ணி ஒண்ணும் செய்யல.”

“அப்புறம்?”

அவர் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். தப்பிக்க வழியில்லை. “தெரிஞ்சும் நான் வாயைத் திறக்கல. அவ திட்டு வாங்கறதைப் பார்த்துக்கிட்டே இருந்தேன்.”

நாத்தனாரின் குரல் மெல்ல வந்தது. “அண்ணா... அண்ணிகிட்ட போனைக் குடுங்க. நானும் நம்பிட்டேன். ஒரு வார்த்தை பேசணும்.”

அவர் நீட்டினார். பெரியவள் வாங்கவில்லை.

“எனக்கு இப்ப நேரம் இல்லைன்னு சொல்லுங்க. நானும் சின்னவளும் இன்னும் நாப்பது செய்யணும், மத்தியானத்துக்குள்ள அந்த ஆபீசுக்குக் கொண்டுபோகணும். வீட்டுச் சமையலை இன்னைக்கு நீங்க பார்த்துக்குங்க.”

சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனாள். சின்னவள் பின்னாலேயே வந்து, மாவுக் கையோடு நின்ற அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். பெரியவள் முதலில் விறைத்து நின்றாள். பிறகு அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து, ஓவென்று அழுதாள்.