கூண்டுப் பக்கத்து நாற்றுகள்

"என் கொழுந்தன் மேலதாங்க சந்தேகம்" என்றாள் அமலோற்பவமேரி. கணவன் போன பிறகு அவளுக்கு ஆதரவாக நின்றவன் மரிய ஆல்பர்ட் ஒருவன்தான். அவனைத்தான் முந்தாநாள் நாலு பேர் பார்க்க, "இனிமே என் வாசப்படி மிதிக்காத" என்று விரட்டியிருந்தாள்.

பெரம்பலூரிலிருந்து வந்திருந்த வேளாண் அதிகாரி பூவிழி பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். வயல்வெளி வம்புகளில் துப்புத் துலக்குவதில் அவளுக்குத் தனிப் பெயர். ஏலாக்குறிச்சிப் பக்கம் நாற்று வளர்த்து விற்பவள் மேரி. மார்கழிப் பனிக்குப் பயந்து கத்தரி நாற்றுகளைப் பாலிதீன் கொட்டகைக்குள் வைத்து மூடியிருந்தாள். அதில் பாதியைப் புள்ளி வண்டின் மஞ்சள் புழுக்கள் சல்லடையாக்கிவிட்டன. அடுத்த வயலில் ஆல்பர்ட்டின் கத்தரியிலும் அதே புழுதான். அங்கே இலைகள் பச்சைப்பசேல் என்று இருந்ததை மேரி தன் கண்ணாலேயே பார்த்திருந்தாள்.

"டப்பாவோட அவன் கொட்டகைக்குள்ள போனதை நானே பாத்தேங்க. அவன் தோட்டத்துப் புழுவைப் பொறுக்கிக் கொட்டிட்டான்."

"கேஸ் முடிஞ்சுது மேடம்!" என்று துள்ளினான் உதவியாளன் மணிமாறன்.

"உனக்கு வாய்தான் முந்தும். இலையைத் திருப்பிப் பாரு."

கொட்டகையின் ஒரு கோடியில் கம்பிக் கூண்டில் கோழிக்குஞ்சுகள். அவற்றின் குளிருக்காக மேலே ஒரு குண்டு பல்பு எரிந்தது. தட்டில் கம்போடு அரிசிக் குருணையும் கிடந்தது. கூண்டுப் பக்கத்து நாற்றுகளில் நரம்புதான் மிச்சம். கதவுப் பக்கத்து நாற்றுகள் ஏறக்குறைய முழுசாக இருந்தன.

மணிமாறன் தலையைச் சொறிந்தான். "ரெண்டு பக்கமும் புழு ஒரே எண்ணிக்கைதான் மேடம். இலைக்கு அடியில காலி முட்டை ஓடு ஒட்டியிருக்கு."

பூவிழி மேரியிடம் திரும்பினாள். "கொண்டாந்து கொட்டுன புழு முட்டை ஓட்டையுமா தூக்கிட்டு வரும்? நீங்க மூடுறதுக்கு முன்னாடியே தாய் வண்டு முட்டை வச்சிருக்கு. குளிர்ல புழு அவ்வளவா மேயாது. கதவுப் பக்கமும் உங்க கொழுந்தன் வயலும் அதான் தப்பிச்சுது. இங்க பல்புச் சூடு இதமா இருக்கவும் இராப்பகலா தின்னு தீத்துருச்சு."

"அப்ப அந்த டப்பா?"

"குஞ்சுக்கு என்ன போடுவீங்க?"

"கம்பு மட்டும்தாங்க." சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்தாள் மேரி. குருணையை யார் கொண்டுவந்து வைத்தது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வரப்பில் விழுந்தடித்து ஓடினாள். ஆல்பர்ட்டின் வயல் வெறும் மண்ணாகக் கிடந்தது. பொங்கலுக்குப் பறிக்க வேண்டிய பிஞ்சுகளோடு கத்தரிச் செடிகள் ஓரத்தில் குவிந்து வாடிக்கொண்டிருந்தன.

"ஆல்பர்ட்டு, உன் மேல தப்பே இல்லய்யா. என்னை மன்னிச்சுருய்யா."

குவியலருகே உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "நேத்தே எல்லாத்தையும் புடுங்கிட்டேன் அண்ணி. இனிமே என் பக்கத்துலேருந்து உங்களுக்கு ஒரு கெடுதலும் வராது."