நட்டின் தலையில் ஒரு பச்சைப் புள்ளி

போன் அலறியது.

பொற்கொடி ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தாள். வலது கையில் ஸ்பேனர். இடது கை முழுக்க கிரீஸ்.

மூன்றாவது முறை அலறியபோது முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாகலூர் ரோடு சஸ்பென்ஷன் ஒர்க்‌ஷாப்... பொற்கொடியா?"

"ஆமாங்க..."

"இன்ஸ்பெக்டர் அழகர்சாமி. நேத்து ஸ்ரீராம்னு ஒருத்தர் கார்ல கம்பி ஒண்ணு மாட்டுனியாமே?"

"கம்பி இல்லீங்க சார்... ஸ்ட்ரட் பார்."

"ஏதோ ஒரு பார்! அந்த கார் காலைல ஆறரைக்கு சானமாவு வளைவுல மரத்துல சொருகிருச்சு. ஆள் ஸ்பாட்லயே காலி."

ஸ்பேனர் கை நழுவி சிமெண்ட் தரையில் விழுந்தது.

"நீயா வர்றியா... ஜீப் அனுப்பவா?"

*

ஸ்டேஷன் வளாகத்தில் வேப்பமரத்தடியில் நின்றது கார். மூக்கு சப்பையாகியிருந்தது. கடப்பாரை வைத்து பானட்டைத் திறந்திருந்தார்கள்.

நேற்று மதியம் இதே பானட்டுக்குள் குனிந்து வேலை செய்தாள். அப்போது பக்கத்தில் நின்று கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த மனிதன் இப்போது மார்ச்சுவரியில்...

பொற்கொடியின் விரல்கள் சும்மா இருக்க மறுத்தன. துப்பட்டா முனையைத் திருகின. அவிழ்த்தன. மறுபடி திருகின.

"இங்க பாரு." அழகர்சாமி லத்தியால் சுட்டினார். மதுரைப் பக்கத்து மனிதர். மீசையில் பாதி நரை. "வலது பக்கம் மூணு நட்டும் இருக்கு. இடது பக்கம் ரெண்டைக் காணோம். மூணாவது, மறையில சும்மா தொத்திக்கிட்டு நின்னுச்சு. கையாலயே கழட்டிட்டோம்!"

"சார்... நான் டைட் பண்ணித்தான் விட்டேன்."

"மொதல்ல இந்த பார் என்ன செய்யும்? அதைச் சொல்லு. எனக்கு ஜீப் ஓட்டத்தான் தெரியும்."

அவள் எச்சில் விழுங்கினாள். ஆட்களோடு பேசுவது அவளுக்கு எப்போதும் கஷ்டம். வண்டியைப் பற்றி என்றால் மட்டும் கொஞ்சம் வரும்.

"முன் சக்கரம் ரெண்டுக்கும் மேல ஸ்ட்ரட்னு ஸ்பிரிங் தண்டு இருக்குங்க சார். அதோட தலை இந்த ரெண்டு மேட்டுலயும் வந்து உக்காரும். வளைவுல வேகமா திருப்பினா மேடு ரெண்டும் லேசா முறுக்கிக்கும். குறுக்கால ஒரு பாரை மாட்டிட்டா முறுக்காது. திருப்பின உடனே வண்டி திரும்பும்."

"கழண்டா?"

"பாரையும் ஸ்ட்ரட்டோட தலையையும் புடிச்சிருக்கறது இதே நட்டுங்கதான் சார். பார் மாட்டணும்னா அதை எடுத்துட்டுத்தான் மாட்டணும். அது கழண்டா..." அவள் குரல் இறங்கியது. "வளைவுல ஒரு குழி வந்தா போதும். ஸ்ட்ரட்டோட தலை நழுவிரும். சக்கரம் அது இஷ்டத்துக்குத் திரும்பிரும்."

"அப்ப நீயே ஒத்துக்கிட்ட!"

"இல்லீங்க சார்... நான் டைட் பண்ணேன்!"

"கவனக்குறைவால மரணம். ஒர்க்‌ஷாப்புக்கு சீல். ஏட்டையா, எழுதுங்க!"

ஏட்டு கோவிந்தப்பன் நோட்டைப் பிரித்தார்.

எட்டு வருடம் ஆக்சில் கம்பெனி அசெம்பிளி லைனில் நின்று, அதற்கப்புறம் மூன்று வருடம் தனியாகப் போராடி நிறுத்திய ஒர்க்‌ஷாப். பொம்பளை கையில் வண்டியைக் கொடுப்பதா என்று தயங்கிய ஊரில் கிடைத்த பெயர்.

எல்லாம் மூன்று நட்டில் போகப்போகிறதா?

அப்போது...

"கொலகாரி!"

கேட்டைத் தள்ளிக்கொண்டு ஒருவன் ஓடி வந்தான். கம்பெனி யூனிபார்ம். கழுத்தில் அடையாள அட்டை. சட்டைக் கையில் தைத்த சின்னப் பையில் இரண்டு பேனா. காதில் வைத்திருந்த போனில் யாரிடமோ தெலுங்கில் கத்திவிட்டு, அதை அணைக்காமலே அவள் மேல் பாய்ந்தான்.

"எங்கண்ணனைக் கொன்னுட்டியேடி!"

கோவிந்தப்பன் நடுவில் புகுந்து தடுத்தார்.

"யாருப்பா நீ?"

"ஹரீஷ்குமார் சார்... ஸ்ரீராமோட தம்பி. ஆறு மணி ஷிப்டுல நின்னவன் அப்படியே ஓடியாறேன். இவளைச் சும்மா விடாதீங்க!"

"விடல. நீ உக்காரு."

"பிரேக் பார்ட்ஸ் கம்பெனில ஒம்போது வருசமா ஃபைனல் இன்ஸ்பெக்டர் சார் நானு. ஒரு நாளைக்கு நாலாயிரம் பீஸ் பாக்கறேன். டைட் பண்ணின நட்டு எது, பண்ணாத நட்டு எதுன்னு எனக்குத் தெரியாதா? இவ டைட்டே பண்ணல!"

"நீ நட்டைப் பாத்தியா?" என்றார் அழகர்சாமி.

"ம்?... பாக்கணுமா சார்? பொம்பளை போட்ட நட்டு!"

பொற்கொடியின் காது சூடானது. போனை எடுத்தாள்.

"சார்... நேத்து சாயங்காலம் வீட்டுக்குப் போறப்ப ஸ்ரீராம் சார் வாய்ஸ் மெசேஜ் அனுப்பிச்சாருங்க. ஒரு தடவை கேளுங்க..."

போட்டாள்.

செத்தவனின் குரல் வேப்பமரத்தடியில் சிரித்தது.

"பொற்கொடி, சும்மா சொல்லக்கூடாது! முன்னெல்லாம் ஸ்டியரிங் திருப்பினா வண்டி யோசிச்சுத்தான் திரும்பும். இப்ப நான் நினைக்கறதுக்குள்ள மூக்கு திரும்பிடுது. மொத வளைவுல பழைய பழக்கத்துல ஜாஸ்தியா ஒடிச்சு, ஒரு இளநீ வண்டியை இடிக்கப் பாத்தேன்! ஆங்... இந்தா, ஸ்பீடு பிரேக்கர்..."

தடக்... தடக்... டயர் ஏறி இறங்கியது.

"கேட்டியா? ஒரு சத்தம் இல்ல!"

குரல் நின்றது.

"நட்டு லூசா இருந்திருந்தா?" என்றார் அழகர்சாமி மெல்ல.

"ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் டொக்கு டொக்குன்னு அடிச்சிருக்கும் சார். ஸ்டியரிங்கும் இப்படி கேட்டிருக்காது. ஆடியிருக்கும்."

"ஆக, சாயங்காலம் டைட்டு. காலைல லூசு. ஹரீஷ், கார் எங்க நின்னுச்சு?"

"வீட்டு வாசல்லதான் சார். நாங்க மாடில இருக்கோம், அண்ணன் கீழ. ஆனா காம்பவுண்டு கிடையாது. தெருவுல எவன் வேணா வருவான்... போவான்!"

"உங்க அண்ணனுக்கு எவனாவது விரோதி?"

"ஐயோ, அவருக்கா? எறும்பைக்கூட மிதிக்க மாட்டாரு சார்!" முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

அழகர்சாமி மரத்தடியில் போட்டிருந்த மேஜைமேல் கிடந்த பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே ஒற்றை நட்டு. மறையில் தொத்தி நின்ற அந்த மூன்றாவது!

"இதுல மஞ்சள் கோடு இருக்கே. இது யாரோடது?"

"என்னுது சார். லைன்ல பழகினது. டைட் பண்ணி முடிச்சதும் நட்டு மேலயும் பிளேட் மேலயும் சேர்த்து ஒரு கோடு இழுத்திருவோம். நட்டு திரும்பினா கோடு விலகிரும். பாத்த உடனே..."

சட்டென்று நிறுத்தினாள்.

கவரைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். திருப்பினாள். மறுபடி திருப்பினாள்.

காரிடம் ஓடினாள். வலது பக்கத்து மூன்று நட்டுகளையும் குனிந்து பார்த்தாள்.

திரும்பி வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

"சார்... ஒரு நிமிசம்... தனியா..."

ஹரீஷ்குமார் நிமிர்ந்தான். "என்ன தனியா? என்ன பேரம்?"

அழகர்சாமி அவளை ஜீப்புக்குப் பின்னால் அழைத்துப் போனார். அவள் கிசுகிசுத்தாள். அவர் புருவம் ஏறியது. அவள் இன்னும் கிசுகிசுத்தாள்.

"நெசமாவா?"

"பழக்கம் சார். மனசு மறந்தாலும் கை மறக்காது."

*

"ஹரீஷ் தம்பி, உங்க அண்ணன் கார்ல கெடந்த சாமானெல்லாம் இந்த லிஸ்டுல இருக்கு. மேஜைமேல பொருளும் இருக்கு. ஒவ்வொண்ணா சரிபாத்துக் கையெழுத்துப் போட்டா பாடியை சீக்கிரம் வாங்கித் தர்றேன்."

"குடுங்க சார்."

"ஏட்டையா, பேனா?"

"இல்லீங்களே..." கோவிந்தப்பன் தன் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார்.

"என்கிட்ட இருக்கு." ஹரீஷ்குமாரின் கை தானாகச் சட்டைக் கைக்குப் போனது. தானாக மூடியைத் திறந்தது.

"வாட்ச்... அண்ணனோடதுதான்."

லிஸ்டில் ஒன்றாம் எண்ணுக்குப் பக்கத்தில் பேனா ஒரு முறை தொட்டு எழுந்தது.

"பர்ஸ்... ஆமா."

தொட்டு எழுந்தது.

"போன்... கண்ணாடி... டிபன் பாக்ஸ்..."

தொட்டு... தொட்டு... தொட்டு...

ஐந்து பொருள். ஐந்து புள்ளி.

அத்தனையும் பச்சை!

"ஆறாவது..."

பேனா அந்தரத்தில் நின்றது.

மேஜையின் ஓரத்தில், துணிப்பைக்கு மேல், இரண்டாக முறிந்த ஒரு பிரேக் பின். அதன் தலையிலும் ஒரு பச்சைப் புள்ளி.

ஹரீஷ்குமாரின் நெற்றியில் வியர்வை பொட்டு வைத்தது.

"என்ன தம்பி நிறுத்திட்ட?" அழகர்சாமி நட்டு இருந்த கவரை லிஸ்டின்மேல் வைத்தார். "இதுலயும் மஞ்சள் கோட்டுக்குப் பக்கத்துல அதே பச்சைப் புள்ளி, இன்ஸ்பெக்டர் ஓகே பண்ணின பீஸுக்கு வைக்கறது. பொற்கொடிகிட்ட பச்சையே கிடையாது. வலது பக்கத்து நட்டுல புள்ளியே கிடையாது!"

"சார்... அது... யாரோ..."

"லூசாக்கின ஒவ்வொரு நட்டையும் கடைசி மறையில நிக்குதான்னு பாத்து ஓகே போட்டிருக்க. ஒம்போது வருசப் பழக்கம்! நட்டுல இருக்கற பெயிண்டும் இந்த மார்க்கர் பேனாவுல இருக்கற பெயிண்டும் ஒண்ணுதானான்னு லேப் சொல்லட்டும்."

"நான் ஷிப்டுல இருந்தேன் சார்!"

"ஆறு மணிக்கு. அதுக்கு முன்னாடி வாசல்ல இருந்தியே?"

அழகர்சாமி துணிப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

"உங்க அண்ணன் லாரி கம்பெனில வண்டிகளைப் பாத்துக்கறவரு. போன மாசம் குருபரப்பள்ளியில அவங்க லாரி பிரேக் புடிக்காம போயி டிரைவருக்குக் கால் போச்சு. முறிஞ்ச பின் இது. உன் கம்பெனில கழிச்சுக் கட்டின பீஸுக்கெல்லாம் ஓகே புள்ளி வெச்சு வெளிய அனுப்பறாங்கன்னு எழுதியிருக்காரு. வெச்சது யாருன்னு நேர்ல சொல்றேன்னு முடிச்சிருக்காரு. இன்னிக்கு திங்கக்கிழமை... கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸ்ல மனு நாள்!"

ஹரீஷ்குமார் பேனாவை மேஜைமேல் போட்டான்.

"கெஞ்சினேன் சார்... கால்ல விழுந்தேன்... 'அந்த டிரைவர் வீட்டுல போயி விழுடா'ன்னாரு... தம்பின்னுகூடப் பாக்கல!"

"நீ அண்ணன்னு பாத்தியா?"

கோவிந்தப்பன் விலங்கோடு நெருங்கினார். பொற்கொடி அங்கே நிற்கவில்லை. காரிடம் போய், வலது பக்கத்து நட்டு மூன்றையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். மரத்தில் மோதியும் மூன்று மஞ்சள் கோடுகளும் விலகாமல் இருந்தன. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"சார், இந்த லிஸ்டை என்ன பண்றது?" என்றார் கோவிந்தப்பன். "ஆறாவதுக்கு ஓகே போடாம விட்டுட்டானே?"

அழகர்சாமி தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"அப்படியே பத்திரமா வைங்க ஏட்டையா. ஒம்போது வருச சர்வீஸ்ல பய இன்னிக்குத்தான் ஒரு பீஸை ஒழுங்கா ரிஜெக்ட் பண்ணியிருக்கான்!"