கரண்டு இல்லாத வியாழக்கிழமை

கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களைப் பூட்டி வைத்திருந்த வருஷம் அது. சங்கரன்கோவிலில் கோகிலா ஆறாம் வகுப்புக்குப் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தாள். சேர்ந்தாளே தவிர, அதன் வாசலைக்கூட மிதிக்கவில்லை. வகுப்பில் யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. எல்லாம் அம்மாவின் போனுக்குள்தான்.

ஷாஹின் பானு டீச்சர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பாடம் தொடங்குமுன் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் ஒரு முகம் போட வேண்டும். சிரிப்பு முகமோ, தூங்குமூஞ்சியோ, அழுமூஞ்சியோ, அன்றைக்கு மனசு எப்படியோ அப்படி. அழுமூஞ்சி போட்டால் சாயங்காலம் டீச்சரிடமிருந்து போன் வரும். திட்டுவதற்கு இல்லை, சும்மா பேசுவதற்கு. கோகிலாவின் பூனை காணாமல் போன அன்று டீச்சர் அரைமணி நேரம் பூனையைப் பற்றியே பேசினார்.

அந்தத் திங்கட்கிழமை மாரிராஜ் ஓர் அழுமூஞ்சி போட்டான். கோகிலா கண்ணை மூடித் திறப்பதற்குள் அதை அழித்துவிட்டான். அந்த இடத்தில் ஒரு சிரிப்பு முகம் வந்து உட்கார்ந்தது.

செவ்வாய்க்கிழமையும் அதே கதை.

கோகிலாவுக்கு முதல் வாரம் நடந்தது ஞாபகம் வந்தது. மாரிராஜ் பேர் சொல்ல மைக்கைத் திறந்தான். அவன் குரல் வரவில்லை. தடதடவென்று ஒரே இரைச்சல்தான் வந்தது. "யாரு வீட்டுலலே மிக்ஸி ஓடுது? சட்னியை எங்களுக்கும் குடுங்க" என்றான் முகம்மது அர்ஷத். வகுப்பே சிரித்தது. கோகிலாவும்தான் சிரித்தாள். அதற்குப் பிறகு மாரிராஜ் மைக்கைத் திறக்கவே இல்லை.

கோகிலா அவனுக்குத் தனியாக எழுதிக் கேட்டாள். ரொம்ப நேரம் கழித்துத்தான் பதில் வந்தது.

"அது மிக்ஸி இல்ல. எங்க வீட்டுல விசைத்தறி ஓடுது. தெரு பூராவும் தறிதான். நாளைக்கு வகுப்புல எல்லாரும் நம்ம நம்ம வீட்டைப் பத்திப் பேசணும்லா, நான் எப்படிப் பேச? இனிமே வகுப்புக்கு வரல. அப்பாக்கு ஒத்தாசையா இருந்துக்கிடுதேன்."

டீச்சரிடம் சொல்லேன் என்று எழுதினாள்.

"சொன்னா தறியை நிறுத்தச் சொல்லுவாவ. அப்பா பொழப்பு என்ன ஆகும்? நீயும் சொல்லிராத."

சரி என்று எழுதிவிட்டாள். ஆனால் அவன் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து வந்தார். அப்பா சங்கரலிங்கம் மின்வாரியத்தில் லைன்மேன். சட்டையைக் கழற்றும்போதே அம்மாவிடம் புலம்பினார். வியாழக்கிழமை பராமரிப்பு வேலையாம். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரில் கரண்டு இருக்காதாம்.

"தறிக்காரத் தெருவுலதான் எனக்கு வேலை. அம்புட்டுத் தறியும் நின்னுரும். கம்பத்துல நிக்குற என்னையத்தான் ஏசுவாவ."

கோகிலா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அம்புட்டும் நின்னுருமாப்பா? சத்தமே இருக்காதா?"

"ஈ பறந்தாக் கேக்கும். ஏன் மக்கா?"

அவள் ஏற்கெனவே அம்மாவின் போனைத் தேடிக்கொண்டிருந்தாள்.

டீச்சரிடம், வீட்டைப் பற்றிப் பேசுவதை வியாழக்கிழமைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டாள்.

"அன்னைக்குக் கரண்டு கிடையாதேம்மா. வகுப்பே வேண்டாம்னு நினைச்சேன்."

"போன்ல சார்ஜ் இருந்தாப் போதும் டீச்சர். அன்னைக்கு ஊரே அமைதியா இருக்கும். எல்லாரும் பேசலாம்."

எல்லாரும் என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னாள். டீச்சர் யாருக்காக என்று கேட்கவில்லை.

"சரிம்மா, மாத்திருவோம்" என்றார்.

கோகிலா மாரிராஜுக்கு விஷயத்தை எழுதினாள். புதன்கிழமை முழுக்கக் குழுவில் எல்லாரையும் போனில் சார்ஜ் ஏற்றி வைக்கச் சொல்லி நச்சரித்தாள். மாரிராஜிடமிருந்து மட்டும் பதிலே இல்லை.

வியாழக்கிழமை வகுப்பு தொடங்கியது. ஒவ்வொருவராகப் பேசினார்கள். டீச்சர் மாரிராஜ் பேரைக் கூப்பிட்டார். கோகிலா அம்மாவின் போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர்" என்று ஒரு குரல் கேட்டது. மெல்லிய, கீச்சுக் குரல். "நான்தான் மாரிராஜ்."

முதலில் தடுமாறினான். பிறகு சரளமாக வந்துவிட்டது. "எங்க வீட்டுல ரகசியமே பேச முடியாது டீச்சர். தறி ஓடும்போது சோறு வேணும்னாக்கூடக் கையாலதான் கேக்கணும். ரெண்டு விரலைக் காட்டினா இன்னும் ரெண்டு தோசைன்னு அர்த்தம். எங்க அப்பா ஒருநாள் நூல் ரெண்டு அறுந்துட்டுன்னு விரலைக் காட்டினாவ. அம்மா ரெண்டு தோசை கொண்டாந்துட்டாவ."

டீச்சர்தான் முதலில் சிரித்தார்.

"தறி எப்படிலே சத்தம் போடும்?" என்று கேட்டான் அர்ஷத்.

மாரிராஜ் வாயாலேயே ஓட்டிக் காட்டினான். தடக் தடக் தடக் தடக். இந்தத் தடவையும் வகுப்பே சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான்.

"ஏலே, இன்னொரு தடவை ஓட்டுலே" என்றான் அர்ஷத். பிறகு குரலைத் தாழ்த்தி, "அன்னைக்கு மிக்ஸின்னுட்டேன். மனசுல வச்சுக்கிடாத" என்றான்.

சாயங்காலம் அப்பா வந்ததும் வராததுமாக அம்மாவைக் கூப்பிட்டார்.

"ஒரு அதிசயத்தைக் கேளு. கம்பத்தை விட்டு இறங்குதேன், கீழ ஒரு பையன் சொம்பு நிறைய மோரோட நிக்கான். 'அண்ணாச்சி, அடுத்து எப்பக் கரண்டை நிறுத்துவிய?'ன்னு கேக்கான். கரண்டை நிறுத்தினதுக்கு எனக்கு மோர் குடுத்த மொத ஆளு அவன்தான்."

கோகிலா சிரித்துக்கொண்டே போனை எடுத்துக் குழுவில் ஒரு சிரிப்பு முகம் போட்டாள். அதற்குக் கீழே மாரிராஜ் ஒன்று போட்டான்.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் அதை அழிக்கவே இல்லை.