இன்னும் கொஞ்சம் துல்லியம்

குக்கரின் தலையிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. குண்டு ஆடிக்கொண்டிருந்தது. மூடியின் ஓரத்தில் பயற்றுத் தண்ணீர் நுரைத்து வழிந்து அடுப்பில் சொட்டியது. விசில் மட்டும் கேட்கவில்லை.

மார்லெனி கையில் கரண்டியோடு அதைப் பார்த்தபடி நின்றாள். காதில் அழுக்கு அடைத்திருக்கும் என்று சுண்டுவிரலை விட்டுக் குடைந்தாள். தெருவில் பச்சை மாங்காயை உப்போடும் எலுமிச்சையோடும் விற்கிறவன் கூவிக்கொண்டு போவது கேட்டது. எதிர்வீட்டு ஃபபியோலா யாரையோ வைவது கேட்டது. கூண்டுக்குள் கேனரி கம்பியில் அலகைத் தேய்ப்பதுகூடக் கேட்டது. குக்கர் மட்டும் ஊமையாகப் பொங்கியது. பழைய குக்கர், விசில் தேய்ந்திருக்கும் என்று நினைத்து அடுப்பை அணைக்கப் போனாள்.

அப்போதுதான் முன்னறையிலிருந்து எலியேசர் கத்தினான்.

"கெழவி! ஓடி வா! இத வந்து கேளு!"

முன்னறை என்றால் முன்பு அது ஆடுகிற அறை. கொலம்பியாவில், காலி என்கிற நகரத்தின் ஒப்ரேரோ பேட்டையில் எந்த வீட்டு முன்னறையும் அப்படித்தான். கல்யாணமான வருடம் வாங்கிய மரப்பெட்டி ஒன்று அங்கே இருந்தது. வானொலியும் இசைத்தட்டு ஓட்டியும் சேர்ந்தது, அலமாரி அளவுக்குப் பெரியது. மழை நாளில் அதன் இடதுபக்கம் கரகரக்கும், எலியேசர் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டுவான், சரியாகிவிடும். சனிக்கிழமை மாலை கதவைத் திறந்துவைத்தால் பாதித் தெரு உள்ளே வந்து ஆடும். முப்பத்துநான்கு வருடம் அப்படித்தான் போனது.

கரும்பாலையிலிருந்து ஓய்வு பெற்றபிறகுதான் எலியேசர் ஞாயிற்றுக்கிழமைகளில் இசைத்தட்டு சேகரிப்பவர்களின் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தான். அங்கே ஆர்ஹெமிரோ என்கிற ஒல்லி மனிதர் அறிமுகமானார். அவர் வீட்டுக்குக் கூட்டிப்போய் ஒரே ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினாராம். அன்று இரவு எலியேசர் சாப்பிடவில்லை. "இத்தன வருஷமா நான் பாட்டே கேக்கல மார்லெனி," என்றான். "சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னுட்டு இருந்திருக்கேன்."

மரப்பெட்டி போயிற்று. ஆளுயர ஸ்பீக்கர்கள் இரண்டு வந்தன. அவற்றுக்கு ஏற்ற ஆம்ப்ளிஃபயர் வந்தது, அதைவிட நல்லது வந்தது, பிறகு கண்ணாடிக்குழல் வால்வுகள் எரிகிற ஒன்று வந்தது. கரும்புத்தண்டு பருமனில் ஒயர்கள் வந்தன. சோபாவை வெளியேற்றி, சுவருக்குத் தடித்த துணி அடித்து, நடுவில் ஒரே ஒரு நாற்காலி போட்டான். அதன் நான்கு கால்களுக்கும் தரையில் சுண்ணாம்புக் குறி. ஓரடி தள்ளி உட்கார்ந்தாலும் பாட்டு சாய்ந்துவிடுமாம். ஆடக் கூடாது, நடந்தால் தட்டின்மேல் ஊசி நடுங்கும்.

இப்போது அவளை அந்த நாற்காலியில் உட்காரவைத்துத் தோளை அழுத்தினான்.

"ட்ரம்பெட்டுக்குப் பின்னாடி கேளு. அதுக்கும் பின்னாடி. கேக்குதா? ஸ்டுடியோவுல எவனோ சமைச்சிருக்கான்! சின்னப் பையனா இருந்தப்பலேர்ந்து கேக்கற தட்டு, இது உள்ள இருக்குன்னே தெரியல பாரு!"

கேட்டது. ஆட்கள் பாடிக்கொண்டிருந்த இடத்துக்கு வெகு பின்னால், ஒரு மூலையில், ஸ்ஸ்ஸ் என்ற சீறலும் குண்டு மூடியில் தட்டுகிற டக்டக்கும்.

"அது நம்ம குக்கர்," என்றாள் மார்லெனி.

எலியேசர் விழுந்து விழுந்து சிரித்தான். "உன் குக்கருக்கு இவ்வளவு தாளம் வராதுடி."

அவளும் சிரித்தாள். சமையலறைக்குத் திரும்பியபோதுதான் அடுப்பை இன்னும் அணைக்கவில்லை என்று தெரிந்தது. ஆவி முன்னைவிட வேகமாக, சத்தமில்லாமல் சீறிக்கொண்டிருந்தது. கையை நீட்டி அணைத்தாள். அதே நொடியில் முன்னறையில் எலியேசர், "அட, நின்னுடுச்சே," என்றான்.

புதுக் கருவிகளை ஏற்றிவரும் ஆர்ஹெமிரோவின் வண்டி அடுத்த வியாழக்கிழமையும் வந்தது. ஊசியை மாற்றினார். மறுநாள் காலை கேனரி கூண்டில் நின்று தொண்டையைப் புடைத்து, அலகைத் திறந்து, மார்பு இறகெல்லாம் நடுங்கப் பாடியது. எதுவும் கேட்கவில்லை. மார்லெனி கூண்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வாசற்படியைத் தாண்டியதும் பாட்டு பாதியிலிருந்து கேட்டது. உள்ளே வைத்தாள். நின்றது. வெளியே. கேட்டது. உள்ளே. இல்லை. ஃபபியோலா எதிர்ப்பக்கத்திலிருந்து, "என்ன கண்ணு, பறவைக்கு ஊஞ்சல் ஆட்டுறியா?" என்று கேலி செய்தாள். மார்லெனி கேனரியை அவளிடமே கொடுத்துவிட்டு வந்தாள்.

ஆரம்பச் சுகாதார நிலையத்தில் காதைச் சோதித்த டாக்டரம்மா, உங்கள் வயதுக்கு இது பெண்புலிக் காது என்றாள்.

பிறகு விசிறி. பிறகு துடைப்பம். ஈரத்துணியை உதறினால் காற்றில் பட்டென்று வரும் அந்த ஓசை. ஒவ்வொன்றும் போன அன்று முன்னறையில் எலியேசர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துக் கூவினான். ஸ்டுடியோவில் விசிறி ஓடியிருக்கிறது. யாரோ பெருக்கியிருக்கிறார்கள். அவன் முகம் அந்த மாதங்களில் இளமையாகிக்கொண்டே போனது. மார்லெனி பாட்டு ஓடும்போது முன்னறைப் பக்கம் போவதையே நிறுத்திக்கொண்டாள்.

அவள் நடனப் பள்ளிகளுக்கு உடை தைப்பவள். மின்னும் சில்லுகள் வைத்த பாவாடைகள், தோளில் இறகு. தையல் இயந்திரத்தின் ஓட்டத்தை அவள் கண்ணால் பார்த்ததே இல்லை, காதால்தான் அறிவாள். எந்த வேகத்தில் துணி மடிகிறது, எங்கே நூல் சிக்கப்போகிறது, எல்லாம் அந்தச் சத்தத்தில் இருந்தது. ஆகஸ்டில் ஒரு பிற்பகல், பிள்ளைகள் மலைப்பக்கம் பட்டம் விட்டுக்கொண்டிருந்த நேரத்தில், இயந்திரம் ஓடவில்லை என்று நினைத்து ஊசிக்கடியில் விரலை வைத்துத் துணியைச் சரிசெய்தாள். அது ஓடிக்கொண்டிருந்தது.

அவள் அலறினாள். எலியேசர் ஓடிவந்து நகத்தின் வழியாக இறங்கியிருந்த ஊசியைச் சக்கரத்தைச் சுழற்றி எடுத்தான். மருந்து வைத்துக் கட்டினான். கட்டிய விரலை முத்தமிட்டான். அவன் கண்கள் கலங்கியிருந்தன. வலியைப் பார்த்துத்தான் என்று அவள் நினைத்தாள்.

"நீ கத்தினியே," என்றான் மெதுவாக. "அது உள்ள கேட்டுச்சு. ஸ்பீக்கர்ல. ரெண்டுக்கும் நடுவுல. நீயே அங்க வந்து நிக்கற மாதிரி, கைய நீட்டினா தொடலாம் மாதிரி..."

மார்லெனி கையை இழுத்துக்கொண்டாள்.

"அந்தப் பழைய பெட்டியில என்னடா கொறை இருந்துச்சு உனக்கு?"

"கொறையே இல்லன்னு நெனச்சுட்டு இருந்தேன்ல, அதான் கொறை."

"நாம ஆடினோமே கெழவா. மழையில கரகரன்னு ஓடினாலும் ஆடினோமே. போதும்னு இருந்துச்சே."

பொய்யன் இல்லை எலியேசர். அவளிடம் எதையும் மறைத்தவனும் இல்லை. "இன்னும் ஒண்ணே ஒண்ணுதான்," என்றான். "கரண்ட்டைச் சுத்தம் பண்ற பெட்டி ஒண்ணு. அதோட நிறுத்திடறேன். உன்மேல சத்தியம்."

அந்தப் பெட்டி வந்த வியாழக்கிழமை மார்லெனி வாசலிலேயே ஆர்ஹெமிரோவை மறித்துக்கொண்டாள்.

"உங்க வீட்லயும் இப்படித்தானா?"

"எப்படி, மார்லெனியம்மா?"

"சத்தமெல்லாம் போயிடுச்சா?"

ஆர்ஹெமிரோ பெட்டியைக் கீழே வைக்கவில்லை. கனமாக இருந்தும் மார்போடு அணைத்துக்கொண்டே நின்றார். "என் வீடு அமைதியா இருக்கும்மா," என்றார். "ரொம்ப அமைதி. முதல்ல என் சம்சாரத்துக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு."

"இப்ப?"

"இப்ப ஒண்ணும் சொல்றதில்ல."

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் ஒதுங்கி உள்ளே போனார். அவர்கள் ஒயர்களைக் கழற்றி மாட்டுகிறவரை அங்கே இருக்க மார்லெனிக்கு மனம் வரவில்லை. எதிர்வீட்டுக்குப் போய், ஃபபியோலாவின் அடுப்பிலிருந்து அப்போதுதான் இறங்கிய பாலாடைக்கட்டி ரொட்டியைப் பிய்த்துவைத்துக்கொண்டு, தின்னாமல் உட்கார்ந்திருந்தாள். கேனரி தலைக்குமேல் ஓயாமல் பாடியது. பூகா ஊரிலிருக்கும் தங்கை வீட்டுக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வரலாமா என்று யோசித்தாள். சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். சொல்லாமல் போனால் அவன் சாப்பிடமாட்டான்.

மலையிலிருந்து மாலைக்காற்று இறங்கும் நேரத்தில் ஆர்ஹெமிரோவின் வண்டி கிளம்பியது. மார்லெனி எப்போதும்போல் வலதுகாலைக் கொஞ்சம் இழுத்தபடி தெருவைக் கடந்தாள்.

கதவைத் தள்ளினாள். கீல் எப்போதும் முனகும். முனகவில்லை. கதவு காற்றில் அடித்துச் சாத்திக்கொண்டது; கதவின் அதிர்வு முதுகில் தெரிந்தது, ஓசை வரவில்லை. தெருவின் சத்தம் அறுந்துபோயிருந்தது. வீட்டுக்குள் சூடான வால்வுகளின் வாசனை, தூசு கருகுவது போல. சுவர்த் துணியின் பழைய புழுக்கம். ஓடையில் மூழ்கியவளைப் போல அவள் நடைவழியில் நடந்தாள், கையைச் சுவரில் வைத்துக்கொண்டு, செருப்பு தரையில் படுவதைக் காலால் மட்டும் அறிந்துகொண்டு.

முன்னறை. திரை இழுத்திருந்தது. நாற்காலியில் எலியேசர், முதுகு காட்டி. வால்வுகளின் செம்மஞ்சள் ஒளி.

தட்டு சுழலவில்லை.

ஊசி தூக்கியிருந்தது.

ஆனாலும் ஸ்பீக்கர் பெட்டிகள் ஓடின. இடதுபக்கம் விசிறி. அதற்கருகில் தையல் இயந்திரம், அவளுடைய வேகத்தில், அவள் நிறுத்தும் இடங்களில் நிறுத்தி. பின்னால் வெகு தூரத்தில் குக்கர். கூண்டில் கேனரி. அது இப்போது எதிர்வீட்டில் இருக்கிறது. ஈரத்துணி ஒன்று உதறப்பட்டது. ஒரு முழு வீடு. பாட்டில்லை. வீடு மட்டும்.

அதற்குள் யாரோ நடந்தார்கள்.

ரப்பர்ச் செருப்பு. சரட், சரட். வலதுகாலைக் கொஞ்சம் இழுத்து.

மார்லெனி நின்றாள். செருப்பும் நின்றது.

ஓர் அடி வைத்தாள். சரட்.

வாயைத் திறந்து அவன் பெயரைச் சொன்னாள். தொண்டை அசைந்தது. நாக்கு பல்லில் பட்டது. காற்று உதட்டைத் தாண்டியது. அவ்வளவுதான்.

"எலியேசர்," என்றது பெட்டிகளின் நடுவிலிருந்த இருட்டு.

அவளுடைய குரல். கரகரப்பில்லாமல். மூச்சு வாங்காமல்.

எலியேசர் திரும்பவில்லை. அவன் கண்கள் மூடியிருந்தன. முகம் மெல்ல மலர்ந்தது.

அவன் முன்னால் போய் நின்றாள். தோளைப் பிடித்து உலுக்கினாள். கண் திறக்கவில்லை, தூக்கத்தில் கொசுவை விலக்குவதுபோல் அவள் கையை விலக்கிவிட்டு, தலையைச் சாய்த்து, அவளைத் தாண்டிக் கேட்டான். அவள் கத்தினாள். பெட்டிகள் கத்தின. ஆஹா என்றான்.

தையல் கத்தரி. மேசைமேல் இருந்தது. ஓடிப்போய் எடுத்தாள். கரும்புத்தண்டு ஒயரை இரண்டு கையாலும் அழுத்தி வெட்டினாள். ஒன்று. பிறகு மற்றது. கட்டியிருந்த விரலிலிருந்து ரத்தம் கசிந்தது. சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினாள். வால்வுகள் மங்கின. சாம்பலாயின. அணைந்தன.

விசிறி ஓடியது. குக்கர் சீறியது. செருப்பு நடந்தது.

அவள் நின்றுகொண்டிருந்தாள். அசையாமல்.

செருப்பு நடந்தது.

கதவைத் திறந்து தெருவில் விழுந்தாள். தெரு இருந்தது. மோட்டார் சைக்கிள், நாய், காற்றில் படபடக்கும் தகரக்கூரை, எல்லாம் காதில் வந்து அறைந்தன. ஃபபியோலா வாசலில் நின்றாள். மார்லெனி அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். வாய் வலிக்கச் சொன்னாள்.

"என்ன கண்ணு? என்னடி இது ரத்தம்? பேசு. ஏன் வாய மட்டும் அசைக்கற?"

மார்லெனி தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். வீட்டைக் காட்டினாள். தெருவுக்கு வந்தால் குரல் திரும்பி வந்துவிடும் என்று இருந்தாளே. பறவைக்கு வந்ததே. மறுபடி வாயைத் திறந்தாள். காற்று. வெறும் காற்று.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து அவள் பேசினாள்.

"கெழவா, காபி போடட்டுமா?"

திறந்த கதவு வழியாக, நடைவழியைத் தாண்டி, தெளிவாக வந்தது. முப்பது வருடத்துக்கு முந்தைய குரல்போல இருந்தது. அதைவிட நன்றாக இருந்தது. ஃபபியோலா வீட்டைப் பார்த்தாள். தன் கையைப் பற்றியிருந்தவளைப் பார்த்தாள். மறுபடி வீட்டைப் பார்த்தாள். உதடு வெளுத்தது.

"வேணாம் கெழவி," என்றான் எலியேசர் உள்ளே. இவ்வளவு நிறைவாக அவன் பேசி மார்லெனி கேட்டதில்லை. "எங்கயும் போகாத. அப்படியே இரு. இனிமே எதையும் மாத்த மாட்டேன். இது போதும்."

உள்ளே இருந்தவள் சிரித்தாள்.

மார்லெனி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு நிற்கவில்லை. ஃபபியோலா ஓர் அடி பின்னால் வைத்தாள். பிறகு இன்னொன்று. சிலுவைக்குறி போடக் கையைத் தூக்கியபடியே வீட்டுக்குள் போய், மார்லெனியின் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.