மூடிக்குக் கீழே

சாட்சி சொல்ல ஆள் வேண்டும், வாருங்கள். திருத்தணிப் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஊரார் விண்ணப்பம் நிரப்ப வந்துபோகும் கல்பனாவின் இணையக் கடைக்குள், பட்டப்பகலில், ஓர் அநீதி பச்சைப் புள்ளியாய் மின்னிக்கொண்டிருந்தது.

பச்சையப்பன் என்ற பெயருக்குப் பக்கத்தில் இருந்தது அந்தப் புள்ளி. கே.ஜி.கண்டிகையில் கரும்பு வெட்டியவனைச் சென்னைக்கு அழைத்துப்போன ஒப்பந்த நிறுவனத்தின் வலைப்பக்கம், 'பணியில் உள்ளார்' என்றது. அவன் கைப்பேசி அணைந்து பத்தொன்பது நாளாகியும் அதையே சொன்னது. அவன் மனைவி புஷ்பலதா நாள்தோறும் பேருந்தேறி வந்து, புள்ளியைப் பார்த்து, தன் பாவா, தன் புருஷன், நலமென்று மனம் தேறிப் போவாள். அவனுடைய விண்ணப்பத்தை நிரப்பியவள் கல்பனாதான். மலக்குழி வேலை என்று தெரிந்தே, தரகர் சொன்னபடி 'கட்டடப் பராமரிப்பு' என்று எழுதினாள். கைரேகை வைக்கும்போது, கரும்புக் கத்தி நுனி கொய்த சுண்டுவிரலை நீட்டி, "இது பாதிதான் கீது, பரவால்லயாக்கா?" என்று கேலி செய்தான் அவன்.

அன்று பக்கம் பாதியில் திணறி நின்றது. சிரித்த முகங்கள் ஓடும் படவரிசையைப் பழைய கணினி தாங்கவில்லை. வழக்கமான கைவைத்தியமாக, கல்பனா பிரவுசரின் செட்டிங்ஸைத் திறந்து, பக்கத்தை அசையவைக்கும் நிரலான ஸ்கிரிப்டை அணைத்தாள். ஸ்கிரிப்ட் இல்லாத பக்கம் அச்சடித்த தாளுக்குச் சமம். படம் ஓடாது, எழுத்து மாறாது, எதுவும் தானாக அசையாது என்பது அவள் தொழிலறிவு.

பக்கம் மறுபடி திறந்தது. படங்கள் இல்லை. வெறும் பெயர்கள்.

'பச்சையப்பன். குழியில் இறந்தார்.' பத்தொன்பது நாளுக்கு முந்தைய தேதி.

ஸ்கிரிப்டை இயக்கினாள். பணியில் உள்ளார். அணைத்தாள். இறந்தார். மெய்யின்மேல் பொய்யைப் பூசுவதே அந்த ஸ்கிரிப்டின் வேலையாக இருந்தது.

மேசைக்கு அப்பாலிருந்து புஷ்பலதா எட்டிப் பார்த்தாள். எழுத்தறியாதவள், பச்சையை மட்டும் அறிவாள்.

"இன்னாக்கா, புள்ளியக் காணோம்? பாவா தூங்கிகினு கீறாரா?"

நெட் சரியில்லை என்றாள் கல்பனா. அது அவளுடைய இரண்டாவது பொய்.

மலைக்குக் காவடி எடுத்துச் செல்லும் கூட்டத்தின் பம்பையொலியும், சூடத்தின் புகையும், பூக்கடைச் சாமந்தியின் ஈரவாசமும் கடைக்குள் வந்துகொண்டிருக்க, அவற்றுக்கெல்லாம் அடியிலிருந்து அழுகிய முட்டையின் நாற்றம் கசிந்து, விசைப்பலகையின் இடுக்குகளில் ஏறி, அவள் விரல்நுனிகளில் பிசுபிசுவென்று ஒட்டியது. பம்பை ஓய்ந்தது. அதோடு கலந்து கேட்ட தட்டும் ஓசை ஓயவில்லை. மேசைக்கு அடியில். இரும்பின்மேல் கைமுட்டி.

ஸ்கிரிப்ட் அணைந்தே இருந்தது. எதுவும் அசையக்கூடாது.

ஓர் எழுத்து முளைத்தது. இன்னொன்று.

'லதா.'

பிறகு, மெதுவாக: 'மூச்சு முட்டுது. மூடியத் தொறக்கச் சொல்லு.'

"இன்னா எழுதிக்கீது? படிச்சி சொல்லுக்கா."

மற்றப் பெயர்களின் கீழும் எழுத்துகள் முளைத்தன. மூடியத் தொற. மூடியத் தொற. திரை கருத்தது. கண்ணாடியின் உட்புறத்தில், சேறு வழிய, ஒரு கை பதிந்தது.

சுண்டுவிரலுக்கு நுனி இல்லை.

அதைப் படிக்கப் புஷ்பலதாவுக்கு எழுத்து தேவைப்படவில்லை.

"பாவா," என்றாள்.

கை தட்டியது. தட்டிக்கொண்டே இருக்கிறது. பார்த்துவிட்டீர்கள், இனி நீங்கள் சாட்சி. உங்கள் ஊர்த் திரைகளிலும் பச்சைப் புள்ளிகள் மின்னுகின்றன. ஸ்கிரிப்டை அணையுங்கள். பெயர்களை உரக்கப் படியுங்கள். மூடியைத் திறவுங்கள்.