இரண்டே முக்கால் அடிக்கு ஒரு பிழை

1978, மார்ச். செவ்வாய்க்கிழமை, காலை 9.20.

துறைமுகத்தை ஒட்டிய ரசாயன ஆலையிலிருந்து மேலாளர் வன்னியபெருமாள் டவுன் ஆபீஸுக்குப் போன் போட்டுக் கத்தினார்.

"இன்னிக்கு வந்த நாடாவும் கெட்டுப்போச்சு. சரக்குப் பட்டியல் இல்லாம கப்பல்ல எதை ஏத்துறது? அஞ்சு மணிக்குள்ள நல்ல நாடா வரணும். வரலைன்னா நாளையிலிருந்து அந்தப் பொண்ணு வர வேண்டாம்."

அந்தப் பொண்ணு பிளாரன்ஸ். வேலைக்குச் சேர்ந்து மூன்றே வாரம். டவுன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் உள்ள பட்டியலைக் காந்த நாடாவில் நகலெடுத்து ஆலைக்கு அனுப்புவது அவள் பொறுப்பு. இங்கே ஓட்டிப் பார்த்தால் நாடா சுத்தமாக இருக்கிறது. ஆறு மைல் போய் அங்குள்ள கம்ப்யூட்டரில் மாட்டினால் பாதி எழுத்து குப்பை.

காலை 10.45.

விசாரிக்க வந்தவர் கம்பெனிக் காவல் அதிகாரி தளவாய். போலீஸில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர். கம்ப்யூட்டர் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்ததுபோல் நடிக்கவும் மாட்டார்.

"எத்தனை நாடா அனுப்புன?"

"அஞ்சு சார். மூணாவது மட்டும் நல்லா இருந்துச்சு."

"கொண்டுபோறது யாரு?"

"ஜீப் டிரைவர் பவுல். எங்க அப்பா."

"மூணாவதையும் அவருதானா?"

"இல்ல. அன்னைக்கு அப்பாவுக்குக் காய்ச்சல். பியூன் சொரிமுத்து சைக்கிள்ல கொண்டுபோனாரு."

சொன்ன பிறகுதான் உறைத்தது. தன் தலை தப்ப, பெற்ற அப்பாவையே காட்டிக்கொடுத்துவிட்டோமோ?

தளவாய் அதைக் கண்டுகொள்ளவில்லை. "பிழை எங்கன எங்கன வருது?"

பிழை விழுந்த இடங்களைக் குறித்து ஆலை அனுப்பிய தாளை விரித்து, கணக்குப் போட்டுச் சொன்னாள். "ஆரம்பத்துல இரண்டே முக்கால் அடிக்கு ஒண்ணு. உள்ள போகப் போக இடைவெளி குறையுது. அப்புறம் பிழையே இல்ல."

"சுருட்டி வச்ச பாயை ஓரத்துல எலி கடிச்சிருக்கு. விரிச்சா எப்படி இருக்கும்?"

"சுத்துக்கு ஒரு ஓட்டை."

"அப்போ நகலெடுக்கும்போது கெடல. சுருட்டுன பிறகு ஒரே இடத்துல ஏதோ கடிச்சிருக்கு."

"காந்தம் பட்டாதான் சார் இந்த நாடாவுல எழுத்து அழியும்."

பகல் 12.15.

ஜீப்பின் முன்பலகையில் சின்ன மாதா சிலை நின்றது. தளவாய் பையிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்து அருகில் நீட்டினார். ஊசி துள்ளிப்போய் பீடத்தில் ஒட்டிக்கொண்டது.

"தகரத்துல ஒட்டி நிக்க அடியில காந்தம். பவுல் அண்ணாச்சி, நாடாவ எங்கன வைப்பீங்க?"

பவுல் மகளைப் பார்த்தார். "மாதா காலடியிலதான் ஐயா. இவ வேலையில சேந்த அன்னைக்கு வாங்குன சுரூபம். எம்புள்ளைக்கு ஒரு கொறையும் வரக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டே ஓட்டுவேன். நாடா கெட்டுப்போச்சுன்னு கேட்டதுல இருந்து, டப்பா மூடியையும் தொறந்து, சுருளையே காலடியில தொட்டு வச்சேன்."

தளவாய் குண்டூசியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். "கெடுத்தது இவருதாம்மா. உனக்காக வேண்டி வேண்டியே கெடுத்திருக்காரு."

மாலை 4.35.

புது நாடாவைப் பின்சீட்டில் உட்கார்ந்து பிளாரன்ஸே கொண்டுவந்தாள். ஆலைக் கம்ப்யூட்டர் கடைசி எழுத்துவரை படித்தது. ஒரு பிழைகூட இல்லை. வன்னியபெருமாள் பட்டியலை வாங்கிக்கொண்டு போனார்.

வெளியே பவுல் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி சுரூபத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"இனிமே நான் எங்கன வேண்டுறது மக்கா?"

"அங்கனயே வேண்டுங்கப்பா. நாடா மட்டும் எம்மடியில இருக்கட்டும்."