வட்டக் கருமணி

உப்புத் தண்ணீர் வாளியில் கிடந்த பத்து ஆட்டுக் கண்களில் ஒன்றுக்கு மட்டும் கருமணி வட்டமாக இருந்தது. ஆட்டுக் கருமணி படுக்கக் கிடக்கும் கோடு. ஒன்பது வருஷமாகப் பிரிக்பீல்ட்ஸ் பாசாரிலிருந்து இந்தக் கவிச்சியைத் துரையின் ஆய்வுக்கூடத்துக்குச் சுமக்கிற கன்னையாவுக்கு அது தெரியாதா? ஆனாலும் வழக்கம்போல அதன் முன்பக்கத்துக் கண்ணாடித் தோலையும் கத்தரியால் வட்டமாக நறுக்கி, துரை பெரிதாக்கிப் பார்ப்பதற்காகத் தகட்டில் படிய வைத்தான். அவன் மனசு ஜன்னலோரம் இருந்தது.

அங்கே தம்புசாமி உட்கார்ந்திருந்தான். கிள்ளானிலிருந்து வந்து மூன்று மாசம்கூட ஆகாதவன். ஆட்டுக் கண்ணோடு ஒப்பிடப் பழுதில்லாத மனுஷக் கண் வேண்டுமென்று, துரை அவன் தாடையைக் கட்டையில் தாங்கவைத்து, விளக்கொளியைக் கோடாக விழவிட்டு, கருவிக்குள் பார்த்துப் பார்த்து வரைவார். "பாகுஸ், தம்பு!" நல்ல கண்ணாம், முதுகில் தட்டுவார்.

கன்னையாவின் கண்ணையும் ஒருநாள் பார்த்தார்தான். அம்பாங் கல்லுடைப்பில் சில்லு தெறித்த வெள்ளைத் தழும்பு. "ரோசாக்," என்று விளக்கை அணைத்துவிட்டார். கெட்டுப்போனதாம்.

"அண்ணே, என் கண்ணுக்குள்ள தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமா இருக்கு. துரை படத்தைக் காட்டினாரு," என்று சிரித்தான் தம்புசாமி. "உங்களுக்கு ஆட்டுக் கண்ணுதான் லா!"

கன்னையாவுக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் காலை தம்புசாமியின் வலக்கண் அவித்த முட்டையாக வெளுத்திருந்தது. "பனி மூடுன மாதிரி இருக்குண்ணே." துரை பதறினார், பிறகு இடக்கண்ணைக் கருவிக்கு நேராகத் திருப்பினார்.

கன்னையா அன்றைக்குப் புதிதாகச் சுமந்துவந்த வாளியைத் திறந்தான். ஒன்பது கோடு. ஒரு வட்டம்.

நேற்று நறுக்கியது யாருடையதென்று அப்போது புரிந்தது. வெட்டாமல் விட்டால் போதும். தண்ணீரிலேயே கிடக்கட்டும்.

"பாகுஸ், தம்பு," என்றது ஜன்னலோரக் குரல்.

கத்தரியை எடுத்தான். கண் அவனையே பார்த்தது. வெட்டினான்.

ஜன்னலோரம் அலறல்.

மூன்றாம் நாள் நாற்காலி காலி. "மாரி சினி, கன்னையா," என்று துரை விரலசைத்துக் கூப்பிட்டார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகப் பேர் சொல்லி. தாடையைக் கட்டையில் வைத்தான். ஒளிக்கோடு விழுந்தது.

துரை மூச்சை இழுத்தார். தழும்பைக் காணோம்.

"பாகுஸ்... பாகுஸ்..."

பென்சில் கரகரத்தது. கன்னையாவுக்கு நெஞ்சு பூரித்தது. கட்டம். கட்டம். கட்டம்.

பென்சில் நின்றது. துரை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனார். சுவர் முட்டும்வரை போனார்.

கன்னையா காகிதத்தை இழுத்துப் பார்த்தான். அவன் கண்தான். பளிங்கு மாதிரி. நடுவில் கருமணி.

படுக்கக் கிடக்கும் ஒரு கோடு.